எண்ணூத்தம்பது வாட்ஸ்

மேல வேண்டாம் அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் சொல்லிட்டாரு, நீங்களும் சொல்லிட்டீக. மேல வச்சா குலுங்கும். ஏற்கெனவே செத்துக் கெடக்கிறது குலுங்கினா இன்னும் என்ன ஆகப்போகுதுன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் மடியிலயே இருக்கட்டும்.

வெடிகுண்டெல்லாம் இல்ல, பயப்படாதீக. ஹார்டு டிஸ்க்கு. துண்டுல சுத்தி வச்சிருக்கேன். மதுரையில ஒருத்தர் இருக்காராம், எரிஞ்சுபோன டிஸ்க்குல இருந்துகூட படத்த எடுத்துக் குடுப்பாராம். எடுப்பாரோ மாட்டாரோ, போய்த்தான் பாக்கணும்.

கோவில்பட்டியில ஸ்டுடியோ வச்சிருக்கேன். பூங்கனி ஸ்டுடியோ. கொம்பையான்னு கேட்டா கல்யாண மண்டபத்து வாட்ச்மேன்கூட வழி சொல்லுவான். இருபத்திரெண்டு வருஷமா இதே தொழில்தான். ஒருத்தர் வந்து என் கேமராவக் குறை சொன்னது கிடையாது. ஆனா பாருங்க, இந்த ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால என்னை நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டா ஒருத்தி. துரோகம்னு கதையில படிச்சிருப்பீக. பக்கத்து சீட்டுல உக்காந்து பாக்கிறது இப்பத்தான இருக்கும்.

ஜெனோவான்னு பேரு. வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ. பிளஸ் டூ முடிச்சிட்டு, போட்டோவ வெட்டி ஒட்டத் தெரியும்னு வந்து நின்னா. எட்டு வருஷம் இருந்தா. ஆல்பம், வீடியோ எடிட்டிங், எல்லாம் எங்கிட்ட வந்துதான் படிச்சா. நான் சொல்லிக் குடுத்தேன்னு சொல்ல முடியாது, எனக்கு எடிட்டிங் வராது. ஆனா என் சிஸ்டத்துலதான படிச்சா? என் கரண்டுலதான படிச்சா? அந்த நன்றி வேண்டாமா?

கூடப் பிறந்த தங்கச்சியாத்தான் வச்சிருந்தேன். அண்ணே, அண்ணேன்னுதான் கூப்பிடுவா. அவ கேட்டு நான் எதையும் இல்லைன்னு சொன்னதே இல்ல. பின்னாடி பாத்துக்கலாம்மான்னு சொல்லியிருக்கேன். அது இல்லைன்னு சொன்னதாகுமா? ஆகாதுல்ல?

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணினோம். பழசுல ஒரு கல்யாணத்தக் காலையில ஏத்தினா சாயங்காலம்தான் வெளிய வரும். அதனால நானும் அவளும் மதுரைக்கு இதே பஸ்லதான் போனோம். கடைக்காரரு எல்லாத்தையும் எடுத்து மேசையில பரப்பிட்டாரு. எஸ்.எம்.பி.எஸ்.னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? கம்ப்யூட்டருக்குள்ள கரண்டப் பங்கு வச்சுக் குடுக்கிற பெட்டி. கேபினட் வாங்கினா அதுக்குள்ளயே ஒரு மட்டமான பெட்டி வரும், முக்கால்வாசிப் பேரு அதையே ஓட்டுவாக. கடைக்காரரும் அதுவே போதும்னாரு.

இவ விடல. "அண்ணே, எதுல வேணா மிச்சம் புடிங்க, இதுல புடிக்காதீங்க. மத்தது கெட்டா அது மட்டும்தான் கெடும். இது கெட்டா கூட இருக்கிறதையெல்லாம் கூட்டிக்கிட்டுப் போயிரும்"னா. கைப்பையில இருந்த ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பின்னால கணக்குப் போட்டா. இப்ப இருக்கிற சாமானுக்கு முந்நூறு வாட்ஸ் போதும். நாளைக்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டா அதுக்கு ஒரு முந்நூறு. டிஸ்க்கு கூடும். பெட்டி எப்பவும் முக்கி முனகி ஓடக்கூடாது, கொஞ்சம் மூச்சு விட எடம் வேணும். எழுநூத்தம்பது எடுத்தா சரியா இருக்கும் அண்ணேன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எண்ணூத்தம்பது எடு." வளர்ற பிள்ளைக்கு யூனிபார்ம் தைக்கிறப்ப கீழ மடிச்சு விட்டுத்தான தைக்கோம்? தொழிலும் அப்படித்தான். பத்து வருஷம் வாரண்டி போட்டிருந்தான். பெட்டி மேல எறும்பு மாதிரி எழுத்து, இந்த வயசுலயும் கண்ணாடி இல்லாம நானே வாசிச்சேன். கடைக்காரரு அசந்துட்டாரு. வருங்காலத்த யோசிச்சு வாங்கினவன் நான் அண்ணாச்சி. இதையும் என் பேருல எழுதிக்கிடுங்க.

அந்தப் பெட்டியில ஒரு விசேஷம், ஒயரத் தனித்தனியா கழட்டி மாட்டிக்கலாம். இப்பத்தக்கு வேண்டியத மட்டும் மாட்டிட்டு, மிச்சத்த ஒரு கருப்புப் பையில போட்டுக் குடுத்துருவாக. பின்னாடி கார்டு வாங்கினாலோ டிஸ்க்கு கூட்டினாலோ அதுல இருந்து எடுத்து மாட்டிக்கலாம். அந்தப் பைதான் இப்ப கதையே. ஞாபகம் வச்சுக்கிடுங்க.

சிஸ்டம் ஆயுத பூஜையன்னைக்குத்தான் வந்து எறங்குச்சு. நல்ல நாள்ல. பொட்டு வச்சு, பூப் போட்டு, பூசணிக்காய் உடைச்சோம். ஜெனோவா ஓரமா நின்னு பாத்தா. பொரிகடலை வாங்கிக்கிடுவா, ஆனா எங்க பூஜை அலமாரிய மட்டும் தொடமாட்டா. நாங்களும் வற்புறுத்துறதில்ல.

கார்டு எப்ப வாங்கினேன்னு கேக்கீகளா? வாங்கல. ஒவ்வொரு சீசனும் பின்னாடி, பின்னாடின்னு போயிருச்சு. டிரோன் வந்துச்சு, அது முக்கியம். அப்புறம் புது லென்சு. அவளும் ஒவ்வொரு தையும் கேப்பா, "அண்ணே, கார்டு போட்டா எனக்குப் பாதி நேரம் மிச்சமாகும்"னு. நேரம் மிச்சமாகி என்ன செய்யப்போறா? நான் சிரிச்சிட்டு விட்டுருவேன். ஒரு தடவ, ஆல்பத்துல கடைசிப் பக்கத்துல எடிட்டிங் ஜெனோவான்னு சின்னதா போட்டுக்கிடட்டுமான்னு கேட்டா. தப்பா ஒண்ணும் சொல்லல நான். பேரு எங்கம்மா போகப்போகுது, பின்னாடி போட்டுக்கலாம்னேன். இதையெல்லாம் மனசுல வச்சிருந்திருக்கா பாருங்க. அப்படி அழுத்தக்காரி.

சாத்தூர் வந்துருச்சா? வெள்ளரிக்காய் வேணுமா அண்ணாச்சி? வேண்டாமா? சரி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவளுக்குக் கல்யாணம். நானே போய் எடுத்தேன். ரெண்டு கேமரா, டிரோனு, எல்லாம். காசு? நீங்க வேற. அண்ணன் சீரு அது. அவ ஊரு சர்ச்சுல கல்யாணம் முடிஞ்சு, சாயங்காலம் பந்தல்ல வரவேற்பு. அவ அப்பா ஞானமுத்து, தீப்பெட்டி ஆபீஸ்ல மருந்து முக்கிற வேலை பாத்த மனுஷன், வாய் திறந்து நான் பாத்ததில்ல. அன்னைக்கு மைக்க வாங்கிப் பாடினாரு. கீர்த்தனை. ரெண்டாவது அடியில நிப்பாட்டிட்டு, மகளப் பாத்துச் சிரிச்சிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து பாடினாரு. நான் பக்கத்துல போய் முகத்த மட்டும் எடுத்தேன். இருபத்திரெண்டு வருஷத்துல அப்படி ஒண்ணு நான் எடுத்ததில்ல.

அத அவளே எடிட் பண்ணிக்கிடட்டுமான்னு கேட்டா. நான் விடல. கல்யாணப் பொண்ணு தன் கல்யாணத்தத் தானே உக்காந்து வெட்டுறது நல்லாவா இருக்கு? கார்டு வரட்டும், வெளிய இருந்து பெரிய ஆளா வரவழைச்சு, சினிமா மாதிரி பண்ணித் தாரேன்னேன். டிஸ்க்கத் தனியா கழட்டி, மேல பேப்பர் ஒட்டி எழுதினேன், 'ஜெனோவா கல்யாணம் - கார்டு வந்ததும்'. பீரோவுல வச்சுப் பூட்டினேன். பத்திரமா இருக்கட்டும்னுதான்.

போன வருஷம் அவ அப்பா நெஞ்சுவலியில போயிட்டாரு. காரியமெல்லாம் முடிஞ்சு வேலைக்கு வந்தவ, அன்னைக்கே கேட்டா, "அண்ணே, எடிட்டிங்கெல்லாம் வேண்டாம். அப்பா பாடினத மட்டும் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தாங்க. அவர் குரல் வேற எதுலயும் இல்ல"ன்னு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அண்ணன் சீர அரைகுறையா குடுக்கலாமா? கொஞ்சம் பொறும்மா, முழுசா தாரேன்னேன். சரி அண்ணேன்னுட்டுப் போய் உக்காந்தா. அன்னைக்கு வேற ஒரு பொண்ணுக்கு அப்பா தாரை வாத்துக் குடுக்கிற இடத்த வெட்டிக்கிட்டிருந்தா. நான் பாத்தேன்.

அப்படி இருந்தவதான் ஆனி கடைசியில வேலைய விட்டு நின்னுட்டா. ஆவணி முகூர்த்தம் பதினொண்ணு கையில இருக்கு, அண்ணாச்சி! வீட்டுல புருஷன் ஒரு சிஸ்டம் போட்டுக் குடுத்திருக்கான், எல்லா ஸ்டுடியோவுக்கும் எடிட்டிங் பண்ணப்போறாளாம். முதுகுல குத்தினதுன்னு இதத்தான சொல்லுவாக? தை மாசமே சொன்னேனே அண்ணேங்கிறா. சொன்னா, இல்லைங்கல. ஆறு மாசத்துக்குள்ள ஆள் பாத்துக்கிடுங்கன்னா. யாரு அத நெசம்னு நெனச்சா? கோவத்துல சொல்றான்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

போறப்ப எல்லாத்தையும் ஒப்படைச்சா, லிஸ்ட்டு எழுதி. நான் அந்த லிஸ்ட்ட வாசிக்கல. வாசிக்கிற மனநிலையிலயா இருந்தேன்? "அண்ணே, அந்தக் கல்யாண டிஸ்க்கு..."ன்னு இழுத்தா. பின்னாடி பாக்கலாம்னு சொல்லிட்டேன். அழுதிருப்பா போல. நான் திரும்பல.

அப்பத்தான் எனக்கு ஒரு வைராக்கியம் வந்துச்சு. அஞ்சு வருஷமா வாங்காத கார்ட ஒரே நாள்ல வாங்கினேன். அவ இல்லாட்டி ஸ்டுடியோ படுத்துருமா? புது எடிட்டர வரச் சொன்னேன். முதல் வேலையா ஜெனோவா கல்யாணத்தையே முடிச்சு, பெரிய பெட்டியில போட்டு, அவ வீட்டு வாசல்லயே போய்க் குடுக்கணும்னு நெனச்சேன். பாத்துட்டு அவ வெக்கப்படணும். இந்த அண்ணனையா விட்டுட்டு வந்தோம்னு நெனைக்கணும்.

டிஸ்க்க மாட்டணும்னா ஒயரு வேணும். உள்ள இருந்த ஒயர்ல எடம் இல்ல, எல்லாத்துலயும் டிஸ்க்கு தொங்குது. கருப்புப் பையத் தேடினேன். இல்ல. மேசை, பீரோ, பரண், எங்கயும் இல்ல. எனக்கு யாரு ஞாபகம் வரும்? சொல்லுங்க. வீட்டுல புது சிஸ்டம் போட்டிருக்கிறவ ஞாபகம்தான வரும்?

திங்கக்கிழமை போட்டோகிராபர் சங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். பேரு போடல. எட்டு வருஷம் சோறு போட்ட இடத்துல ஒயரத் திருடிக்கிட்டுப் போற காலம் இது, வேலைக்கு ஆள் வச்சா சாமான எண்ணி வாங்குங்கன்னு போட்டேன். பேரு போடலைன்னாலும் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு நான் என்ன செய்ய? அன்னைக்கு மத்தியானமே வந்து நின்னா. உள்ள வரல, கண்ணாடிக் கதவுக்கு வெளியவே நின்னா.

"நான் எடுத்தேனா அண்ணே?"

"உன்னத் தவிர அந்தப் பையில என்ன இருக்குன்னு யாருக்கும்மா தெரியும்?"

"நான் எடுத்தேன்னு நீங்க நெசமாவே நெனைக்கீங்களா?"

நான் லென்ச எடுத்துத் துடைக்க ஆரம்பிச்சேன். இல்லைன்னு சொல்லியிருக்கலாமோ என்னமோ. "ரெண்டு ஸ்டுடியோவுல குடுத்த வேலையத் திருப்பி வாங்கிட்டாக அண்ணே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா, ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. பின்னாலயே போய்க் கூப்பிடணும்னு தோணுச்சு, பொய் சொல்லக் கூடாது. ஆனா கோவம் அத அமுக்கிருச்சு.

மறுநாள் காலையில குரூப்புல இன்னொண்ணு போட்டேன். ஒயரு இல்லாட்டி வேலை நின்னுருமா, இன்னைக்கே வேற ஒயரப் போட்டு ஓட்டிக் காட்டுறேன்னு. போட்ட பத்தாவது நிமிஷம் அவ போன் பண்றா. கட் பண்ணினேன். மறுபடி பண்றா. நாலு தடவ. நாலு தடவையும் கட் பண்ணினேன். இப்பத் தெரியுதுல்ல, நேத்துத் தெரியலையான்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு மெசேஜ் வந்துச்சு. 'அண்ணே, கோவப்படாதீங்க, ஒரு விஷயம்'னு மேல ஓடுச்சு. சமாதானத்துக்கு வர்றான்னு தொறக்கல. தொறந்தா நீல டிக்கு விழுந்து, நான் பாத்துட்டேன்னு காட்டிக் குடுத்துருமே. காத்துக் கெடக்கட்டும்னு விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சர்வீஸ் கடை வச்சிருக்கவருகிட்ட ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ். ஒயர வாங்கினேன். எந்தக் கம்பெனிப் பெட்டிக்குன்னு கேட்டாரு. ஒயருன்னா ஒயருதான, குடும்னு வாங்கிட்டு வந்தேன். மாட்டினா, அச்சு அசலாப் பொருந்துச்சு அண்ணாச்சி! அதுதான் மோசமே. பொருந்தாம இருந்திருந்தா விட்டிருப்பேன். கார்டு அப்புறம், மொதல்ல டிஸ்க்கப் பாப்போம்னு சுவிட்ச்சப் போட்டேன். டப்புனு ஒரு சத்தம். சின்னதா ஒரு பொகை. அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு.

அந்த சர்வீஸ்காரரு வந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாரு. வெளிய பாக்க ஒண்ணுபோல இருக்குமாம், உள்ள கம்பி வர்ற வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறுமாம். அந்தப் பெட்டிக்கு அந்தப் பையில வந்த ஒயரத்தான் போடணுமாம். டிஸ்க்குக்குப் போக வேண்டிய கரண்டு தாறுமாறாப் போயிருக்கு. "தெரிஞ்ச யாரும் இத உமக்குச் சொல்லலையா?"ன்னாரு. யாரு இருக்கா எனக்குச் சொல்ல?

விருதுநகர் தாண்டிட்டோமா? இன்னும் கொஞ்சம்தான். முடிச்சிருதேன்.

நேத்து வெள்ளிக்கிழமை. ஸ்டுடியோவுல வெளக்கேத்த எங்க வீட்டுக்காரி வந்தா. பூஜை அலமாரியில மஞ்சத் துணி முடிப்பு ஒண்ணு இருக்கும், அஞ்சு வருஷமா இருக்கு. வாராவாரம் அதுக்கும் சேத்துத்தான் சூடம் காட்டுவோம். நேத்து கேக்கா, "ஏங்க, திருச்செந்தூருக்கு நேந்து முடிஞ்ச இந்தக் காச எப்பத்தான் கொண்டு போய்ச் சேக்கப்போறீங்க?"ன்னு. நான் எங்க நேந்தேன்? நீதான நேந்தன்னேன். நான் நேரலையேங்கிறா. அவ என் முடிப்புன்னு நெனச்சிருக்கா, நான் அவ முடிப்புன்னு நெனச்சிருக்கேன். நேந்த முடிப்ப யாராவது அவுப்பாகளா? அஞ்சு வருஷமா ஒருத்தரும் அவுக்கல.

அவுத்தோம். உள்ள கருப்புப் பை. மேல சந்தனப் பொட்டு, என் கையாலயே வச்சது. அப்பத்தான் எனக்கு எல்லாம் வருது. சிஸ்டம் வந்த அன்னைக்கு, இது வருங்காலத்துக்கான ஒயரு, சாமி காலடியில இருக்கட்டும்னு நான்தான் முடிஞ்சு வச்சேன். எங்க வீட்டுக்காரி என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. கார்டு பெட்டி இன்னும் பிரிக்காம அந்த அலமாரிக்குக் கீழதான் இருக்கு.

சரி, ஒயர அவ எடுக்கல. ஒத்துக்கிடுதேன். உங்ககிட்ட ஒத்துக்கிடுதேன். குரூப்புல பின்னாடி போட்டுருவேன். ஆனா விட்டுட்டுப் போனா இல்லையா? அது துரோகம் இல்லாம என்ன? அவ இருந்திருந்தா இந்த டிஸ்க்கு எரிஞ்சிருக்குமா? அவ அப்பா பாடினது போயிருக்குமா? நீங்களே நியாயம் சொல்லுங்க.

எரிஞ்சது அவளுக்குத் தெரியாது. மதுரைக்காரரு என்ன சொல்றாருன்னு பாத்துட்டுச் சொல்லிக்கிடலாம்.

அண்ணாச்சி, ஒரு உதவி. அந்த மெசேஜு இன்னும் தொறக்காம அப்படியே கெடக்கு. செவ்வாக்கிழமை வந்தது. நீங்க கொஞ்சம் தொறந்து வாசிங்களேன். நான் கண்ணாடி கொண்டு வரல. எழுத்து சரியாத் தெரியமாட்டேங்குது.

ஆமா, அதுதான். ஜெனோவா.

சத்தமாவே வாசிங்க, பரவாயில்ல. 'அண்ணே, கோவப்படாதீங்க, ஒரு விஷயம்.' ம். 'வேற ஒயர மட்டும் மாட்டிராதீங்க, டிஸ்க்கு எரிஞ்சிரும்.' ம். 'பைய நீங்கதான் பூஜையன்னைக்கு மஞ்சத் துணியில கட்டி வச்சீங்க. இப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அலமாரியில பாருங்க.' அவ்வளவுதானா? இன்னும் ஒரு வரி இருக்கா? வாசிங்க. 'அப்பா அதுலதான் இருக்காங்க அண்ணே.'

மணி என்ன போட்டிருக்கு? பத்து நாப்பதா? நல்லாப் பாருங்க. காலையிலயா?

நான் மதியம் சாப்பிட்டு வந்துதான் ஒயர மாட்டினேன் அண்ணாச்சி.

இல்ல, நான் கேக்கேன், மெசேஜ் போட்டா எல்லாரும் உடனே பாத்துருவாகளா? இவ்வளவு தெரிஞ்சவ, ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல?

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கீக?